சும்மா இருந்த தளபதி

அன்புள்ள ஐயா,

அலெக்சாண்டரின் தளபதிகளைப் பற்றிக் கல்லூரியில் பேச வேண்டியிருக்கிறது. அவருக்கு உண்மையான விசுவாசி யார், ஹெஃபைஸ்டியனா கிராடெரஸா? நீங்கள் அடிக்கடி கிராடெரஸைச் சொல்கிறீர்கள். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வரவில்லை. அலெக்சாண்டர் பாரசீக உடை உடுத்தியதை எதிர்த்த பழமைவாதி. ஜீலம் போரில் முகாமில் சும்மா இருந்தார். கடைசியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இதில் என்ன பெருமை?

க.

அன்புள்ள க.,

உடை விவகாரத்தை விட்டுவிடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. ஹெஃபைஸ்டியன் அலெக்சாண்டரை நேசிப்பவன், கிராடெரஸ் அரசனை நேசிப்பவன் என்று அலெக்சாண்டரே சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. பட்டிமன்றத்துக்கு அது போதும். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது வேறொரு சொல். சும்மா!

தம்பி, அந்த ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டா எழுதினீர்கள்?

கி.மு. 326, ஜீலத்தில் வெள்ளம். எதிர்க்கரையில் போரஸ், யானைகளோடு. மாசிடோனியர்கள் சிந்துவில் ஓட்டிய படகுகளைத் துண்டு துண்டாக்கி வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். சின்னது இரண்டு துண்டு, முப்பது துடுப்புப் படகு மூன்று துண்டு. தோலில் வைக்கோல் திணித்துத் தைத்த மிதவைகளும் இருந்தன. ஆட்களைக் கடத்துவது பெரிய பாடில்லை. சிக்கல் குதிரைகளால்தான். யானையோடு பழகாத குதிரை அதைப் பார்த்தாலே மிரளும், பிளிறலைக் கேட்டால் இன்னும் மோசம். கரையேறுவது இருக்கட்டும், நடு ஆற்றிலேயே மிதவையிலிருந்து குதித்துவிடும். குதிரைப்படை போனால் அலெக்சாண்டரின் போர்முறையில் பாதி போயிற்று.

ஆகவே இரவுதோறும் கரை நெடுகக் குதிரைகளை ஓடவிட்டு, போர் முழக்கம் எழுப்பினார்கள். போரஸ் முதலில் யானைகளோடு கூடவே அலைந்தார். பிறகு சலித்துப்போய் நின்றுவிட்டார். அப்போதுதான் அலெக்சாண்டர் ஒரு பகுதிப் படையோடு சுமார் 27 கிலோமீட்டர் மேலே போய், இடி மழைக்கு நடுவே ஆற்றைக் கடந்தார்.

கிராடெரஸின் வேலை இங்கே தொடங்குகிறது. அவரிடம் இருந்தவை அவருடைய குதிரைப் பிரிவு, அரக்கோசியா (இன்றைய தெற்கு ஆப்கானிஸ்தான்), இந்துகுஷ் பக்கத்துக் குதிரைவீரர்கள், அல்கெட்டஸ், பாலிபெர்க்கன் ஆகியோரின் ஈட்டிப் பிரிவுகள், இந்தியத் தலைவர்களின் 5,000 பேர். கடப்பதற்கான ஆயத்தங்களை எதிரி பார்க்கும்படி பகிரங்கமாகச் செய்துகொண்டே இருக்கவேண்டும். ஆனால் கடக்கக்கூடாது. எப்போது கடக்கலாம் என்பதற்கு அரசன் தந்த கட்டளையை உங்கள் பேச்சில் அப்படியே வையுங்கள். போரஸ் படையில் ஒரு பங்கை மட்டும் கூட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்து, முகாமில் யானைகளை விட்டிருந்தால், நீ இருந்த இடத்திலேயே இரு. யானைகள் அத்தனையும் என்மீது வந்தால், மிச்சப் படை அங்கே இருந்தாலும் உடனே கடந்துவிடு. அவன் தோற்று ஓடுவது தெரிந்தாலும் கடந்துவிடு.

கவனித்தீர்களா? ஆட்களின் கணக்கே அதில் இல்லை. யானை இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

போரஸ் முட்டாள் அல்ல. பெரும்படையோடு கிளம்பும்போது சில யானைகளையும் கொஞ்சம் ஆட்களையும் கரையில் விட்டுப் போனார். சிலவே சில. அரசன் எங்கோ மேலே சண்டையிலிருக்க, எதிரே ஒரு கைப்பிடிக் காவல், கையில் இத்தனை படை. துடிப்பான தளபதி யாராக இருந்தாலும் "இப்போது பாய்ந்தால் என்ன?" என்றுதான் நினைப்பான். பாய்ந்திருந்தால் குதிரைகள் வெள்ளத்தில் போயிருக்கும். கிராடெரஸ் அசையவில்லை. வெற்றி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கடந்தார். சண்டையிட்டுக் களைத்தவர்கள் ஒதுங்க, அவருடைய களைக்காத ஆட்கள் துரத்தலை எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பெயரா சும்மா இருப்பது?

மறு ஆண்டும் இதே கதைதான். அலெக்சாண்டர் கெட்ரோசியப் (இன்றைய பலூசிஸ்தான்) பாலைவனத்தில் இறங்கி ஆட்களைப் பசிக்கும் தாகத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, யானைகளையும் போருக்கு உதவாத மூத்த வீரர்களையும் அரக்கோசியா வழியாகச் சேதமின்றி தெற்கு ஈரானின் கார்மேனியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான். மெதுவாகப் போகிற படையை நம்பி ஒப்படைக்க அரசனுக்கு இவரை விட்டால் ஆள் குறைவு.

புனிதராக்கவும் வேண்டாம். கி.மு. 330இல் சதிக் குற்றத்தில் சிக்கிய தளபதி ஃபிலோட்டஸைச் சித்திரவதை செய்யத் தூண்டியவர்களில் இவரும் ஒருவர். இந்தியாவில் ஹெஃபைஸ்டியனும் இவரும் வாளை உருவிக்கொண்டு நின்றபோது அரசனே குதிரையில் வந்து விலக்கவேண்டியிருந்தது. ஹெஃபைஸ்டியனுக்கு எல்லார் முன்னாலும் திட்டு, இவருக்குத் தனியாக. உங்கள் முதல் கேள்விக்கு இதில் ஏதாவது பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிரையிலிருந்து விழுந்த கதைக்கு வருகிறேன். அரசன் இறந்தபின், கி.மு. 321 அளவில், அலெக்சாண்டரின் செயலாளராக இருந்த யூமெனஸோடு போர். "யூமெனஸின் ஆட்கள் உங்கள் தொப்பியைப் பார்த்தால், குரலைக் கேட்டால், உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்" என்று, யூமெனஸை விட்டு வந்த தளபதி நியாப்டோலெமஸ் கிராடெரஸை நம்பவைத்திருந்தார். காவ்சியா என்கிற அகன்ற மாசிடோனியத் தொப்பி அது. கணக்கு தப்பும் அல்ல. மாசிடோனிய வீரர்களுக்கு இவர்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் அது யூமெனஸுக்கும் தெரியும். எதிரே வருவது யாரென்று தன் ஆட்களுக்கு அவர் சொல்லவேயில்லை. கிராடெரஸ் நிற்கும் பக்கம் ஒரு மாசிடோனியனைக்கூட நிறுத்தவில்லை. வேற்றுநாட்டுக் குதிரைப்படை இரண்டு பிரிவு. கண்டதும் பாயவேண்டும், பேச இடம் கொடுக்கக்கூடாது, தூதனை ஏற்கக்கூடாது என்பது கட்டளை. மேட்டைத் தாண்டி அவர்கள் பாய்ந்து வந்ததைப் பார்த்ததும் கிராடெரஸ் நியாப்டோலெமஸைத் திட்டினார். பிறகு தாக்கினார். விழுந்தபோது அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு அந்தத் தொப்பி யாருடையது என்று தெரியவில்லை. குதிரைகள் மிதித்துப் போயின.

அன்று வென்ற யூமெனஸ் அவர் உடல் அருகே அழுதார். எலும்புகள் பிறகு மனைவி ஃபிலாவிடம் போய்ச் சேர்ந்தன.

பேச்சில் "சும்மா"வை அடித்துவிட்டு, அந்த இடத்தில் யானைகளை எழுதுங்கள்.