டெக்சஸ் கவுண்டி ஜட்ஜ் நம்மூர் கலெக்டர் மாதிரியா? கவுண்டி நிர்வாகத்தில் யார் என்ன செய்கிறார்கள்?

இல்லை. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் ஷெரிஃபுக்கோ (காவல் தலைவர்) கவுண்டி கிளார்க்குக்கோ (ஆவணப் பதிவாளர்) கவுண்டி ஜட்ஜ் உத்தரவு போட முடியாது. எல்லோரும் தனித்தனியாகத் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்கள். கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கு அவர்கள் மேல் இருக்கும் ஒரே பிடி பட்ஜெட்.

அமெரிக்காவில் கவுண்டி அமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் கவுண்டி அரசே கிடையாது. டெக்சஸில் 254 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 47 லட்சம் பேர் இருந்த ஹாரிஸுக்கும், வெறும் 64 பேர் இருந்த லவ்விங்குக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்.

கமிஷனர்ஸ் கோர்ட் என்பது ஐந்து பேர் குழு. ஜட்ஜை மொத்தக் கவுண்டியும், நான்கு கமிஷனர்களை அவரவர் பிரிசிங்க்டும் (கவுண்டிக்குள் உள்ள தொகுதி) தேர்ந்தெடுக்கும். பதவிக்காலம் 4 ஆண்டு. ஜட்ஜுக்கும் ஒரே ஓட்டுதான், வக்கீலாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிறிய கவுண்டிகளில் வழக்கும் கேட்பார். ஹாரிஸ் போன்ற இடங்களில் நிர்வாகமும், புயல் வெள்ளம் வந்தால் பேரிடர் அறிவிப்பும்தான் வேலை. மூன்று பேர் இருந்தால் கூட்டம் நடத்தலாம். ஆனால் வரி விதிக்க நான்கு பேர் வேண்டும். ஹாரிஸில் 2019இலும் 2022இலும் இரண்டு கமிஷனர்கள் கூட்டத்துக்கே வராமல் வரி விகிதத்தைத் தடுத்தது இந்த விதியை வைத்துத்தான்.

மக்கள் அதிகம் தடுமாறுவது வீட்டு வரியில். வீட்டுக்கு மதிப்புப் போடுவது கவுண்டி அல்ல, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. ஜனவரி 1 நிலவரப்படி மதிப்பிட்டு, வசந்த காலத்தில் நோட்டீஸ் அனுப்பும். மதிப்பு அதிகம் என்றால் மே 15க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, பில் வந்த பிறகு டாக்ஸ் ஆபீஸ் கவுன்டரில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை; அவர்கள் பணம் வசூலிப்பவர்கள், மதிப்பைத் தொட முடியாது. வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் கட்டினால் அபராதம் 6%, வட்டி 1% சேரும். “பில்லே வரவில்லை” என்ற காரணம் எடுபடாது. வண்டிப் பதிவும் இதே ஆபீஸில்தான்.

பத்திரப் பதிவும் கல்யாண லைசென்ஸும் கவுண்டி கிளார்க்கிடம். லைசென்ஸ் வாங்கிய பிறகு பொதுவாக 72 மணி நேரம் கழித்துத்தான் திருமணம் நடத்தலாம். ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கு வியாழன் மதியம் வாங்கினால் போதாது, புதனுக்குள் வாங்கிவிடுங்கள். சடங்கை நடத்தி வைப்பவர் அதில் விவரம் நிரப்பி, 30 நாளுக்குள் கிளார்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். புரோகிதருக்கு இதை நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

20,000 டாலர் வரையிலான சிறு வழக்குகளும் வாடகை வீட்டைக் காலி செய்யும் வழக்குகளும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சிறு வழக்கு நீதிபதியிடம் போகும். கவுண்டி சிறை ஷெரிஃபிடம்.

நகர எல்லைக்கு வெளியே வீடு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சாலையும் வெள்ளப்பகுதி அனுமதியும் கவுண்டியின் கையில் இருந்தாலும், எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் ஜோனிங் அதிகாரம் டெக்சஸ் கவுண்டிகளுக்குப் பொதுவாக இல்லை. பக்கத்து மனையில் கடையோ கிடங்கோ வந்தால் கமிஷனரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் பகுதி மனைகளுக்குப் பத்திரத்தில் கட்டுப்பாடுகள் இருக்கின்றனவா என்று கிளார்க் ஆபீஸ் ஆவணங்களில் தேடிப் பாருங்கள்.