மூன்று ஆட்சிகள், ஒரு பாடவேளை: கேள்வி-பதில்

அறிகை, எழுச்சி, உளவியக்கம் என்று மூன்று ஆட்சிகளுக்கும் பாடக்குறிப்பில் நோக்கம் கேட்கிறார்கள். 40 நிமிடத்தில் சாத்தியமா? (ஆசிரிய பயிலுநர், கொட்டகலை)

சாத்தியம்தான். கற்றலை அமெரிக்கக் கல்வியியலாளர் புளூமின் குழு மூன்று ஆட்சிகளாக, அதாவது பரப்புகளாகப் பிரித்தது: அறிகை என்பது அறிவும் சிந்தனையும், எழுச்சி என்பது மனப்பாங்கும் விழுமியமும், உளவியக்கம் என்பது கை, உடல் திறன். ஆனால் எல்லாப் பாடத்திலும் மூன்றையும் வலிந்து திணிக்க வேண்டாம். நீரின் கொதிநிலையை அளக்கும் செய்முறையைப் பாருங்கள். வெப்பமானியின் குமிழ் முகவையின் அடியில் முட்டாமல் நீருக்குள் நிற்க வேண்டும். முட்டினால் வாசிப்பு கூடிவிடும். வெப்பமானியின் திரவ மட்டம் அசையாமல் நின்ற பிறகு, கண்ணை அதற்கு நேரே வைத்து வாசிக்க வேண்டும். இவை உளவியக்கம்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளிமண்டல அமுக்கம் குறைவதால் நீர் அங்கே 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். காரணத்தோடு அதை விளக்குவது அறிகை. புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே என்று 94ஐ அழிக்காமல், கண்டதை அப்படியே எழுதுவது எழுச்சி. இங்கேதான் நாமே கெடுப்பது: 100 என்று எழுதிய கொப்பிக்குச் சரி போடுகிறோம், 94 என்று எழுதியதற்குப் பிழை போடுகிறோம். அடுத்த செய்முறையில் பிள்ளை வெப்பமானியைப் பார்க்கவே மாட்டாது.

“தேயிலை பதனிடலை விளங்கிக்கொள்வர்” என்ற நோக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஏன்? (பண்டாரவளை)

விளங்கியதா என்பதைக் கண்ணால் காண முடியாது. பிள்ளை என்ன செய்து காட்டும் என்று எழுதுங்கள். வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல் என வரிசைப்படுத்தினால் அது அறிகை ஆட்சியின் முதல் படியான அறிவு மட்டம். கொழுந்தை ஏன் முதலில் வாட்டுகிறோம் என்று சொந்த மொழியில் சொன்னால் கிரகித்தல். நொதிக்கும் நேரம் கூடினால் சாயமும் சுவையும் எப்படி மாறும் என்று எதிர்வுகூறினால் பிரயோகம். ஒரு எச்சரிக்கை: அந்த விடையை நேற்றே கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தால், இன்று அது பிரயோகமல்ல, வெறும் ஞாபகம்.

எழுச்சி ஆட்சிக்குப் புள்ளி போடுவது எப்படி? (ஹட்டன்)

வினாத்தாளில் போடாதீர்கள். “நேர்மை நல்லதா?” என்று கேட்டால் எல்லாரும் “ஆம்” என்பார்கள். இரண்டு மூன்று நடத்தைகளை மட்டும் தெரிவு செய்யுங்கள்: குழுவில் மற்றவர் பேசி முடிக்கும்வரை கேட்பது, சொல்லாமலே உபகரணத்தைக் கழுவி வைப்பது போன்றவை. ஒரு தவணை முழுதும், வாரத்துக்கு ஐந்தாறு பிள்ளைகளாகப் பார்த்துத் திகதியோடு குறியுங்கள். ஒரே நாளில் நாற்பது பேருக்கும் போட்ட புள்ளி உங்கள் மனநிலையைத்தான் காட்டும்.

அறிகை ஆட்சிக்கான புளூமின் மட்ட வரிசையில் பழையதா, புதியதா? பரீட்சைக்கு எதை எழுத? (வினாவில் ஆண்டு இல்லை)

1956 வரிசை: அறிவு, கிரகித்தல், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு. 2001 திருத்தத்தில் மட்டங்களின் பெயர்கள் வினைகளாயின. தொகுப்பின் இடத்தில் வந்த ‘ஆக்கல்’ மதிப்பிடலைத் தாண்டி உச்சிக்குப் போனது. எதை எழுதினாலும் ஆண்டைக் குறிப்பிடுங்கள். எழுச்சி ஆட்சி நூல் 1964இல் வந்தது. உளவியக்கத்துக்குப் புளூம் குழு மட்டங்கள் வகுக்கவில்லை. சிம்சன், டேவ், ஹரோ ஆகிய கல்வியியலாளர்கள் பின்னர் வகுத்தவை அவை.

முதலாம் தரத்து மகள் களிமண் பிசைகிறாள், கடதாசி கிழிக்கிறாள். எழுத்து எப்போது? (தாய், மஸ்கெலியா)

இப்போதே நடக்கிறது, அம்மா. பென்சிலைப் பிடிக்கப் பெருவிரலும் சுட்டுவிரலும் பலப்பட வேண்டும். முதலாம், இரண்டாம் தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் கூடுதலாகவும் மேசை வேலை குறைவாகவும் வைத்திருப்பது அதனால்தான். வீட்டில் பயறு பொறுக்க விடுங்கள், பொத்தான் போட விடுங்கள். கையைப் பிடித்து ‘அ’ எழுதவைக்க வேண்டாம். அங்கே வேலை செய்வது உங்கள் விரல்.