டின் உணவுக்கு மாற்றும் முன் ஊசியின் அளவைப் பேசுங்கள்

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்தது, எடை 6.8 கிலோ. இரண்டு மாதங்களுக்கு முன் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். காலையும் மாலையும் இரண்டு யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடுகிறேன். பின்னங்கால்களின் குதிகால் தரையில் பதிய நடக்கிறான். உலர் உணவை நிறுத்தி டின் உணவுக்கு மாற்றும்படி மருத்துவர் சொன்னார். டின்னைத் திறந்து வைத்தால் முகர்ந்து பார்க்கிறான், மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தட்டைச் சுற்றிப் பிறாண்டுகிறான், பிறகு போய்விடுகிறான். கடைக்காரரோ தானியம் சேர்க்காத உலர் உணவு ஒன்றைக் கொடுத்து, "சர்க்கரை உள்ள பூனைக்கு இதுவே போதும், டின் எதற்கு?" என்கிறார். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்பான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். போன வருடம் தோல் அரிப்புக்குச் சில முறை ஊசி போட்டதைத் தவிர வேறு நோய் எதுவும் அவனுக்கு வந்ததில்லை. எத்தனை நாள் பட்டினி போடலாம்? எந்த டின் வாங்குவது? பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: ஒரு நாள்கூடப் பட்டினி போடாதீர்கள் அம்மா. நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சமாளித்துக்கொள்ளும். பருத்த பூனையால் அது முடியாது. உணவு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து படியத் தொடங்கும். இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரல் தடுமாறும். அதன்பின் பசியே எடுக்காது. குழாய் வைத்து உணவு செலுத்தும் நிலைக்கு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அதிலும் உங்கள் பூனை இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனை. வயிறு காலியாக இருக்கும்போது வழக்கமான அளவு ஊசி போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். பயந்துபோய் ஊசியை நிறுத்தினால் கீட்டோன் என்னும் நச்சு இரத்தத்தில் சேரும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

எந்த டின் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்தும் கிடைக்காத கேள்வி வேறொன்று: உணவை மாற்றினால் ஊசியின் அளவை என்ன செய்வது?

இரண்டு யூனிட் என்பது உங்கள் பூனை இப்போது தின்னும் உலர் உணவைக் கணக்கில் வைத்து ஏற்பட்ட அளவு. அந்த உணவிலுள்ள மாவுச்சத்தை எடுத்துவிட்டால் அதே இரண்டு யூனிட் அதிகமாகிவிடலாம். சில பூனைகளுக்கு ஓரிரு நாளிலேயே அப்படி ஆகிறது. பூனை இயல்பிலேயே இறைச்சி தின்னும் பிராணி. எலியையும் பறவையையும் பிடித்துத் தின்றால் அதன் உடம்புக்குள் போகும் மாவுச்சத்து மிகச் சொற்பம். சாப்பிட்டதும் வரும் சர்க்கரை வெள்ளத்தைச் சட்டென்று ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் அதன் கல்லீரலுக்குக் குறைவு. அதனால்தான் உணவு மாற்றம் பூனையிடம் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. ஆபத்தும் அதே வேகத்தில் வரும். நோய் தெரிந்த முதல் சில மாதங்களுக்குள் சரியான உணவும் ஊசியும் சேர்ந்தால் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் பூனைகள் உண்டு. நீங்கள் இரண்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள். நல்ல நேரம் இது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியில் போக முடியாது.

ஆகவே என் நிபந்தனை ஒன்று. வீட்டில் நீங்களே சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொள்ளும் வரை தட்டில் ஒரு கரண்டி உணவைக்கூட மாற்றாதீர்கள். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. மருத்துவமனையில் எடுக்கும் ஒற்றை அளவை நம்பி ஊசியைக் கூட்டுவதும் குறைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கும் வரவேற்பறையில் உட்கார வைத்தால், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் 300 வரை ஏறும். வீட்டில் சோபாவில் படுத்திருக்கும்போது காட்டும் எண்தான் உண்மையான எண்.

காதின் வெளிஓரத்தை ஒட்டி மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று ஓடுவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். வெதுவெதுப்பான துணியைக் காதில் அரை நிமிடம் ஒத்தி வையுங்கள். அந்த இரத்தக்குழாய்க்கும் காது விளிம்புக்கும் நடுவில் துளி வாஸலின் தடவுங்கள், இரத்தம் முடியில் பரவாமல் மணியாகத் திரளும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை அணைவாகப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையால் ஒரு குத்து. கடுகளவு இரத்தம் போதும். சர்க்கரை மீட்டரின் ஸ்ட்ரிப்பை அதில் தொட்டு எடுத்ததும் பஞ்சால் சிறிது நேரம் அழுத்துங்கள், பிறகு அதற்குப் பிடித்த ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். முதல் வாரம் இருவருக்கும் சிரமம்தான். அதன்பிறகு மீட்டரை எடுக்கும் சத்தம் கேட்டே ஓடிவரும் பூனைகள் பல. பூனைக்கென்று அளவு சரிசெய்த மீட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மனிதர்களுக்கான மீட்டர் பூனை இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் காட்டும். எதை வாங்கினாலும் மாற்றாமல் ஒன்றையே பயன்படுத்துங்கள். எது என்பதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் பாருங்கள். உணவு மாற்றும் நாட்களில் ஊசி போட்ட ஆறு மணி நேரம் கழித்தும் ஒரு முறை பாருங்கள், சர்க்கரை பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான் மிகவும் இறங்கும். தேதி, நேரம், சர்க்கரை, போட்ட யூனிட், தின்ற அளவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் அளவைக் குறைப்பது, எதற்குக் கீழே போனால் ஊசியே போடக் கூடாது என்பதை மாற்றம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். 60-க்குக் கீழே போனால், அல்லது பூனை தள்ளாடினால், வெறித்துப் பார்த்தால், திடீரென அகோரப் பசியோடு அலைந்தால், அது அவசரம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். சோர்ந்து கிடந்தால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி கடைக்காரர். அவர் சொன்னது தவறு. தானியத்தை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் சேர்த்தால் மாவுச்சத்து குறைந்துவிடாது. உலர் உணவை அந்த வடிவத்தில் பிடித்து நிறுத்துவதே மாவுதான். பையின் முகப்பில் எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் (தாது உப்புகள்) எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. புரதம் 32, கொழுப்பு 12, ஈரம் 8, நார் 4, சாம்பல் 8 என்று ஒரு பையில் போட்டிருந்தால் மிச்சம் 36. இதைக் கலோரியாக்க வேண்டும். புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு மூன்றரை, கொழுப்புக்கு எட்டரை. அப்படிப் பார்த்தால் மொத்தக் கலோரியில் மாவின் பங்கு 37 சதவீதம். நான் எதிர்பார்ப்பது பத்துக்குள்.

டின்னிலும் ஏமாறலாம். புரதம் 10, கொழுப்பு 6, ஈரம் 79, நார் 1, சாம்பல் 2.5 என்றால் மிச்சம் ஒன்றரைதான், கலோரியில் சுமார் 6 சதவீதம். இது நல்ல டின். புரதம் 8, கொழுப்பு 3, ஈரம் 82, நார் அரை, சாம்பல் ஒன்றரை என்று இருக்கும் குழம்புத் துண்டு வகையில் மிச்சம் ஐந்து. ஐந்துதானே என்று தோன்றும். கலோரியில் அது கால் பங்கு! குழம்பு கெட்டியாவதற்குச் சேர்க்கும் மாவு அது. ஆகவே, எந்த நிறுவனம் என்று என்னைக் கேட்காதீர்கள். விழுதாக அரைத்த வகையாக, வயது வந்த பூனைக்கான முழு உணவு என்று எழுதியிருப்பதாகப் பார்த்து, இந்தக் கணக்கைப் போட்டு வாங்குங்கள். மனிதர்களுக்கான மீன் டின் முழு உணவாகாது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் தேர்வு வேறு மாதிரி இருக்கும், இரத்தப் பரிசோதனை முடிவை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தின்ன வைக்கும் வழி பொறுமைதான். நாள் முழுக்கக் கிண்ணத்தில் கிடக்கும் உலர் உணவை முதலில் வேளைக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள், அளவு குறையாமல். பிறகு பழைய உணவுக்குப் பக்கத்தில் அகலமான தட்டில் ஒரு தேக்கரண்டி டின் உணவு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் எந்தப் பூனையும் முகம் திருப்பும். உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கினால்தான் மணம் எழும். பழைய உலர் உணவைப் பொடித்து மேலே தூவுங்கள். தின்றால் டின்னைக் கொஞ்சம் கூட்டி அந்த அளவுக்கு உலர் உணவைக் குறையுங்கள், மறுத்தால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள். மூன்று நான்கு வாரம் ஆனால் ஆகட்டும். மெல்ல மாற்றினால் ஊசியையும் மெல்லக் குறைக்க முடிகிறது. டின் உணவு எடைக்கு எடை உலர் உணவில் கால் பங்கு கலோரிதான் தரும், ஆகவே தட்டில் அதிகமாகத் தெரிவதைக் கண்டு குறைத்துவிடாதீர்கள். ஒரு வேளை தின்னாவிட்டால் ஊசி போடும் முன் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ நேரில் கொண்டுபோங்கள்.

குதிகால் பதிய நடப்பது சர்க்கரையால் வந்த கால் நரம்புக் கோளாறு. கட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் மெல்லச் சீராகும், வைட்டமின் புட்டிகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். சிரிஞ்சையும் ஒரு முறை பாருங்கள். கிளார்ஜினுக்கு யூ-100, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு நூறு யூனிட் என்று அளவு குறித்த சிரிஞ்சுதான். கடையில் கையில் கிடைத்த யூ-40 சிரிஞ்சைக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும்.

கடைசியாக, அந்த அரிப்பு ஊசி. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. பூனைகளுக்கு அரிப்புக்காகப் போடும் நீண்டநாள் ஊசி பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும், சர்க்கரை நோயைக் கிளப்பிவிடும் காரணங்களில் அது முக்கியமானது. என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதியில் போட்டது என்பதை அந்த மருத்துவமனையில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மறுபடி அரிப்பு வந்தால், மருந்தை எடுப்பதற்கு முன்பே சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லி வேறு சிகிச்சை கேளுங்கள்.