பழைய ஜாகுவாரின் தோல் இருக்கைகள்: மாற்றுவதா, மீட்பதா?

கேள்வி: என்னிடம் 1964ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 2 கார் உள்ளது. அதன் சிவப்புத் தோல் இருக்கைகள் இறுகி, மங்கி, வெடித்துவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவச் சிலரும், தோலையே மாற்றிவிடச் சிலரும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: எண்ணெய் வேண்டாம். அந்தக் காலத்து ஜாகுவார் கார்களுக்குத் தோல் வழங்கிய லண்டன் கானலி நிறுவனம், பதனிட்ட தோலின் மேல் நிறமி கலந்த லாக்கர் எனும் மெருகுப் பூச்சு கொடுத்தே அனுப்பியது. ஆகவே நீங்கள் காணும் சிவப்பில் பெரும்பகுதி அந்த மெல்லிய பூச்சுதான். பூச்சு முழுமையாக உள்ள இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது. வெடிப்புகளின் வழியே இறங்கினாலோ, தோலைத் தொளதொளக்கச் செய்து, தையல் நூலில் ஊறி, பின்னர் எந்தப் புதுப் பூச்சும் ஒட்டாதபடி செய்துவிடும். நாளடைவில் காறல் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

மாற்றுவதா என்பதைத் தோலின் நார்தான் முடிவு செய்ய வேண்டும். இருக்கைக்கு அடியில் மடித்துப் பொருத்திய ஓரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். காகிதம்போல் கிழிந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அந்தத் துண்டுக்கு இனி உயிரில்லை. அதை மட்டும் பிரித்து மாற்றலாம். பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும்போது உரசும் பக்கமே முதலில் இவ்வாறு கெடுகிறது. அதற்காக முழு செட்டையும் களைவது, என் கருத்தில், காரின் மதிப்பில் ஒரு பங்கைக் குப்பையில் போடுவதாகும்.

நார் உறுதியாக இருந்தால், தோலுக்கு முன் அதற்கடியில் உள்ள ரப்பர் ஸ்பாஞ்சைப் பாருங்கள். அது நொறுங்கி அமுங்கியிருந்தால் தோலுக்குத் தாங்கல் இல்லாமல் சுருக்கம் விழுந்து அதே இடங்களில் மீண்டும் வெடிக்கும். எனவே ஸ்பாஞ்சைச் சரிசெய்யாமல் மேலே வேலை செய்வது வீண். தையல் விட்ட இடங்களில் பழைய துளைகளின் வழியாகவே கையால் தைக்கச் சொல்லுங்கள். மெஷின் ஊசி புதிய துளைகளிட்டால் முதிர்ந்த தோல் அந்த வரியிலேயே கிழியும்.

அடுத்தது சுத்தம். தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது என்பதால் துணி சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் ஆகா; தோலுக்கென விற்கும் மிதமான கிளீனரின் நுரையை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். துணியில் அழுக்கோடு சிவப்பும் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

காய்ந்த பின், பூச்சளவில் நிற்கும் மயிரிழை வெடிப்புகளை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே போதும். ஆழமானவற்றில் வெடிப்பை நிரப்பும், வளையக்கூடிய தோல் ஃபில்லரை மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததை இட வேண்டும். துளை விழுந்திருந்தால் முதலில் பின்புறம் மெல்லிய துணியை ஒட்டித் தாங்கல் கொடுங்கள்.

நிறம் தேர்வதில் அவசரம் கூடாது. வெயில் படாத அடிமடிப்பைக் காட்டி, தோலுக்கான, நீர் அடிப்படையிலான நிறமியைக் கலக்கச் சொல்லி, மறைவான இடத்தில் தடவி, காய்ந்த பின்னரே ஒப்பிடுங்கள். ஈரத்தில் தெரியும் சிவப்பு வேறு. மற்ற இருக்கைகள் இயல்பாக மங்கியிருந்தால் அவற்றோடு ஒத்துப்போகச் சற்று அடக்கமான நிறமே பொருந்தும். கடைசி மேற்பூச்சு பளபளக்காத வகையாக இருக்கட்டும். கதவுப் பலகைகளும் இருக்கையின் பின்புறங்களும் தோல்போல் தோன்றும் பிளாஸ்டிக்கான வினைலாக இருக்கக்கூடும். அவற்றுக்கு வினைலுக்கான பூச்சையே கேட்டு வாங்குங்கள்.