பழைய மடிக்கணினியில் லினக்ஸுக்கு மாறுகிறேன். அவசியமான மென்பொருள்கள் மட்டும் போதும். எவை?

நீங்கள் திருமங்கலத்தில் இருப்பதாகவும், 4 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள விண்டோஸ் 10 மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் (இலவச இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை) போடப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலை என்று பார்த்தால் தமிழில் மனு, கடிதம் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, பேங்க் வேலை, பிள்ளைகளின் பாடம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மாறுவது சரியான முடிவு.

4 ஜிபி ரேமுக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (குறைந்த ரேமில் ஓடும் முகப்பு) பதிப்பை எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபீஸ், பிடிஎஃப் திறக்கும் எக்ஸ்ரீடர், வீடியோவுக்கு செல்லுலாய்ட், ஸ்கேன் செய்யும் நிரல், சிஸ்டத்தைப் பிரதி எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் எல்லாம் அதோடேயே வந்துவிடும். உங்கள் வேலையில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். வாட்ஸப்பை ஃபயர்ஃபாக்ஸிலேயே திறக்கலாம். ஆன்டிவைரஸ், கிளீனர், டிரைவர் பேக் எதுவும் வேண்டாம். கூட வந்தவற்றில் வேண்டாததை நீக்கவும் முனையாதீர்கள். நீக்கினால் சில நூறு எம்பி இடம் கிடைக்கும், வேகம் கூடாது. ஒன்றை நீக்கும்போது அதைச் சார்ந்த இன்னொன்றும் சேர்ந்து போய்விடுவதும் உண்டு.

நீங்களாகச் சேர்க்க வேண்டியவற்றில் முதலாவது தமிழ் உள்ளீடு. பலர் சறுக்குவது இங்கேதான். கீபோர்டு அமைப்பிலேயே தமிழ்99 (தமிழ் விசைப்பலகை முறை) இருக்கிறதே என்று அதைச் சேர்த்துவிடுவார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்தை அனுப்பும், அவ்வளவுதான். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று பார்க்காது. தமிழ்99-இன் வசதியே ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுவதுதான்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் ‘அம்மா’ வந்துவிட வேண்டும். அதற்கு மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் (மொழி உள்ளீட்டு நிரல்), ஐபஸ்-எம்17என் (தமிழ் முறைகளைத் தரும் அதன் துணை) இரண்டையும் நிறுவுங்கள். ‘இன்புட் மெத்தட்’ அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் ‘வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன்கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் அடித்துப் பழகியவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெட்டிக் இருக்கிறது. சூப்பர் விசையோடு (விண்டோஸ் குறியுள்ள விசை) ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும்.

அடுத்தது எழுத்துரு. லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ், ஏதாவது ஒன்று போதும். லிப்ரெஆபீஸ் தமிழை ‘சிக்கலான எழுத்து வடிவம்’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. பாணியில் (ஸ்டைல்) ஆங்கிலத்துக்கு எழுத்தளவு 12 புள்ளி வைத்தால் தமிழுக்கு அது பொருந்தாது. அந்த வகைக்கான பெட்டியில் தனியாக வைக்க வேண்டும். விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த கோப்பை இங்கே திறந்தால் எழுத்தகலம் மாறி, பக்கம் முறியும் இடமும் மாறும். அதனால் வெளியில் கொடுப்பதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் பிரிண்ட் போட்டாலும் சரி, கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனுவானாலும் சரி, வரி நகராது.

பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், விண்டோஸை அழிக்கும் முன்பே அந்த எழுத்துருக் கோப்புகளை ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அவை யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்ல. எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

மின்ட்டை நிறுவும் முன்பே பிரிண்டரைச் சோதியுங்கள். பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் (டிஸ்க்கில் நிறுவாமலே) மின்ட்டை ஓட்டி, பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எப்சன் எல் வரிசை பெரும்பாலும் தொந்தரவு தராது. எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு எச்பி பிளக்இன் கூடுதலாக இறங்க வேண்டும், அதற்கு இணையம் தேவை. கேனன் எல்பிபி 2900 வைத்திருந்தால் யோசித்துச் செய்யுங்கள். அதற்கான கேப்ட் என்ற டிரைவர் பழையது, புதிய லினக்ஸில் தகராறு செய்யும். அதே லைவ் முறையில் வைஃபையும் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் ஃபோனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் (ஃபோன் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறக்கலாம். டிஸ்க்கே தெரியவில்லையென்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) டிஸ்க்குக்கான சாட்டா முறை ரெய்டு என்று இருக்கலாம். அப்படி இருந்தால் ஏஎச்சிஐ ஆக மாற்றுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று சேர்க்கலாம்: கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. அதன் கோப்பைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டுமே காக்கும். உங்கள் கடிதம், படம் எதையும் இயல்பாக அது எடுப்பதில்லை. முதல் பிரதியே பத்து ஜிபியைத் தாண்டலாம் என்பதால் 128 ஜிபியில் வாரம் ஒன்று, மொத்தம் இரண்டு போதும். சொந்தக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் தனியாக எடுங்கள்.

டேலி, கோரல்டிரா, பேஜ்மேக்கர் இவற்றில் ஒன்றில் தினமும் வேலை இருக்கிறதென்றால் விண்டோஸை முழுதாக அழிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகைக் கோரல் கோப்பு லினக்ஸின் வரைகலை நிரலான இங்க்ஸ்கேப்பில் திறந்தாலும் அதிலுள்ள பாமினி தமிழ் கலைந்து போகலாம். இரண்டையும் வைத்துக்கொள்வதானால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (முழுதாக அணையாமல் வேகமாகத் தொடங்கும் வசதி) அணையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேட்டரி வலுவிழந்த மடிக்கணினி என்றால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் நிறுவத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் டிஸ்க்கில் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.