சலூனுக்குப் போனாலே அழும் இரண்டு வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே எப்படிப் பாதுகாப்பாக முடி வெட்டுவது?

சலூன் நாற்காலியில் உட்கார வைத்தாலே மகன் மூச்சு முட்ட அழுகிறான், வீட்டில் வெட்டலாம் என்றால் காதிலோ கண்ணிலோ பட்டுவிடுமோ என்று கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். 2020இலிருந்து என் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் நான்தான் முடி வெட்டுகிறேன். ஒருமுறை என் மகன் காதை வெட்டியும் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2019 தையில் குலதெய்வக் கோயிலில் அவனுக்கு முதல் மொட்டை. அப்புறம் செப்டம்பரில் ஒரே ஒரு தடவை சலூன். உங்கள் மகன் மாதிரியே அங்கே அழுது தீர்த்தான். அடுத்த தடவை போவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. மே மாத வெயில். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். எட்டு மாத முடி கண்ணை மறைத்து, பிடரியில் ஒட்டி, கழுத்தெல்லாம் வேர்க்குரு. சரி, நாமே வெட்டிவிடலாம் என்று தையல் பெட்டியில் இருந்த கத்தரியை எடுத்தேன். முன்பக்கம் ஒழுங்காக முடிந்தது. வலது காதோரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அவன் படக்கென்று அந்தப் பக்கம் திரும்பினான். காதின் மேல் விளிம்பில் எள்ளளவு தோல் போய்விட்டது.

காயம் எள்ளளவு, ரத்தம் அப்படி இல்லை. காதிலும் தலையிலும் சின்னக் கீறல் பட்டாலும் நிறைய வரும். "காப்பித்தூளை வை தாயி" என்று அத்தை டப்பாவோடு ஓடி வந்தார். வைக்கவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியை மடித்து, விளிம்பை இரண்டு பக்கமும் விரலால் பிடித்து, பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் திரும்ப ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, காயம் பிளந்து தெரிந்தாலோ, காதின் குருத்தெலும்பு வெளியே தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை. எங்களுக்கு அப்படி ஆகவில்லை. தெருமுனை டாக்டர் கழுவி மருந்து போட்டார். ஒன்றரை வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் என் கணவர் முடி வெட்டிக்கொள்ளும் சலூன் அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் இடது கையைக் காட்டச் சொல்லி, "கத்தரி எந்தக் கையில இருந்தாலும் சரி தங்கச்சி, பிள்ளை தோலுக்கும் கத்தரிக்கும் நடுவுல எப்பவும் ஒங்க விரல் இருக்கணும். வெட்டுப்பட்டா ஒங்க விரல்தான் படணும்" என்றார். இத்தனை வருடத்தில் இதைவிட உபயோகமான பேச்சை நான் கேட்டதில்லை. நாமெல்லாம் வெட்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். காப்பாற்றுவது பிடிக்கிற கை.

அது எப்படி என்று விளக்கமாகவே சொல்கிறேன். முன்நெற்றி முடியைச் சீப்பால் வாரி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடியுங்கள். பிடித்தபடியே விரல்களை நெற்றியிலிருந்து உங்களை நோக்கி மெல்ல இழுங்கள். இப்போது விரல்களுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் முகம், இந்தப் பக்கம் முடியின் நுனி. நுனிப் பக்கம் மட்டும் வெட்டுங்கள். கத்தரியின் முனை கண்ணை நோக்கி இருக்கவே கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும். ஒரு பிடியில் விரல் அகலத்துக்குமேல் முடி எடுக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை மூடி, கையைக் கீழே இறக்கிவிட்டு அடுத்த பிடிக்கு வாருங்கள். திறந்த கத்தரி தலைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற அந்த இரண்டு நொடியில்தான் குழந்தை திரும்பும். எனக்கு நடந்தது அதுதான்.

காதுக்கு வேறு முறை. இடது உள்ளங்கையைக் குழந்தையின் கன்னத்தில் வைத்து, கட்டைவிரலால் காதை முன்பக்கமாக மடித்து மூடிக்கொள்ளுங்கள். காது முழுக்க உங்கள் கைக்குள் இருக்க வேண்டும். பிறகு காதுக்குப் பின்னால் இருக்கும் முடியைக் கத்தரி முனை பிடரிப் பக்கம் பார்க்கும்படி வெட்டுங்கள். குழந்தை தலையை அசைத்தால் உங்கள் கையும் கூடவே அசையும், காது வெளியே வராது. கிருதா முடியை வெட்டும்போதும் முனை கீழ்நோக்கி இருக்கட்டும்.

தையல் கத்தரி, பேப்பர் கத்தரி இரண்டும் வேண்டாம். அவை முடியை வெட்டாமல் மென்று இழுக்கும். இழுத்தால் வலிக்கும், வலித்தால் பிள்ளை தலையை உதறும். மழுங்கின கத்தரியில் ஆபத்து குறைவு என்று நினைத்திருந்தேன். அது தப்பு. முடி வெட்டுவதற்கென்றே உள்ள, கூர்மையான, ஆனால் முனை உருண்டையாக இருக்கும் சின்னக் கத்தரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள், பால் பாக்கெட் வெட்டக்கூட.

உட்கார வைப்பதும் முக்கியம். உயரமான ஸ்டூலில் தனியாக உட்கார வைக்க வேண்டாம், சரிந்தால் கத்தரியோடு சேர்ந்து விழுவான். எங்கள் வீட்டில் அவர் முக்காலியில் உட்கார்ந்து மகனை மடியில் வைத்துக்கொள்வார். ஒரு கை பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்து அணைத்திருக்கும், இன்னொரு கை நெற்றியில். நெற்றியில் கை வைத்தால் பிள்ளைகள் அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை, தாடையைப் பிடித்தால் கத்துகிறார்கள். நான் எதிரே இன்னொரு முக்காலியில், என் கண்ணும் அவன் தலையும் ஒரே மட்டத்தில் வரும்படி. ஆனால் எவ்வளவு அழுதாலும் அமுக்கிப் பிடித்து வெட்டாதீர்கள். அப்படி ஒரு தடவை வெட்டினால் அடுத்த மூன்று தடவைக்கான அழுகையைச் சேர்த்து வைக்கிறோம்.

நேரம், காலை பத்து மணிக்குமேல். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடின பிறகு. நல்ல வெளிச்சம் வரும் இடம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டின முடி கண்ணுக்கும் மூக்குக்கும்தான் போகும். அடுப்பில் குக்கர் இருக்கக் கூடாது. இப்போது நான் அடுப்பை அணைத்து, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுகிறேன். கழுத்தில் துண்டைச் சுற்றி முடிச்சுப் போடாதீர்கள். பழைய பருத்திச் சேலைத் துண்டைப் போர்த்தி, பின்னால் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டினால் போதும், இழுத்தால் கழன்றுவிடும். அழுகையை நிறுத்த வாயில் மிட்டாயோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். அழுதுகொண்டே மென்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், முடியும் சேர்ந்து உள்ளே போகும். கையில் ஒரு சீப்பு கொடுத்து அப்பா தலையை வாரச் சொல்லலாம்.

வெட்டுவதற்கு முன்னால் எண்ணெய் போகக் குளிப்பாட்டிவிடுங்கள். எண்ணெய்த் தலையில் முடி கொத்துக் கொத்தாக ஒட்டும், விரல் பிடியும் வழுக்கும். லேசான ஈரத்தோடு வெட்டுவது சுலபம். ஆனால் ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் மேலே ஏறும். வேண்டிய அளவைவிட ஒரு சென்டிமீட்டர் விட்டே வெட்டுங்கள். சுருட்டை முடி என்றால் இன்னும் அதிகமாக விட வேண்டும். தலையை ஒருதரம் தடவிப் பார்த்து, கொப்புளம், மச்சம், புண் எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிச் சுழியைச் சுற்றி ஒட்ட வெட்டாதீர்கள், முள் மாதிரி குத்திட்டு நிற்கும். என் மகளுக்கு இரட்டைச் சுழி. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘சேட்டைக்காரி’ என்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் முடியை இரண்டு விரல்கடை நீளமாக விட வேண்டும் என்பதுதான் கணக்கு.

எங்கிருந்து ஆரம்பிப்பது? கண்ணில் விழும் முன்முடி முதலில். அடுத்து, பிள்ளை இன்னும் பொறுமையாக இருக்கும்போதே காதோரம். பிடரி கடைசி, அதை நாளைக்குக்கூட வெட்டலாம். பாதித் தலையோடு ஒரு பிள்ளை இரண்டு நாள் சுற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சில சமயம் ஒரு தலையை மூன்று நாளில் முடித்திருக்கிறேன். ஐந்தே நிமிடம், அப்புறம் விட்டுவிடுவது. தூங்கும்போது வெட்டலாமே என்று பலர் சொல்வார்கள். நான் செய்வதில்லை. தூக்கத்தில் எப்போது உதறுவான் என்று தெரியாது, முகத்துக்கு நேராகக் கத்தரியைப் பார்த்துக் கண் விழித்தால் அந்தப் பயம் எளிதில் போகாது.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் கண்ணில் படும் முடியை மட்டும் நறுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில்தான் மூடும், சிலருக்கு இரண்டு வயதும் ஆகும். அதுவரை அங்கே மிஷினை வைத்து அழுத்தக் கூடாது. நேர்த்திக்கடனுக்காக முடி இறக்காமல் வளர்க்கிற வீடுகளில் வெட்டவே வேண்டாம், ஒரு குடுமி போட்டாலே கண்ணை மறைக்காது. கோயிலில் மொட்டை எடுக்கும்போது மட்டும், உங்கள் கண் முன்னால் புது பிளேடு பிரித்துப் போடச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். ஒருவருக்குப் போட்ட பிளேடு இன்னொரு தலையில் பட்டால் ஹெபடைடிஸ் பி மாதிரி ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் வரலாம். அடிக்கடி மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது உண்மையில்லை. வேர் தோலுக்குள் இருக்கிறது, வெளியே வெட்டுவது அதற்குத் தெரியாது. வெட்டின முடி தட்டையான நுனியோடு முளைப்பதால் தடிமனாகத் தோன்றும், அவ்வளவுதான்.

வெட்டி முடித்ததும் பவுடர் போட்டுத் தட்டாதீர்கள், அது மூச்சில் போகும். மெல்லிய ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, உடனே குளிப்பாட்டி உடை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாது. என் மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் சொன்னார். ஒற்றை முடி குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ, ஆண் குழந்தை என்றால் குறியிலோ சுற்றி இறுகிக்கொள்ளுமாம். ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிச் சிவந்துவிடும். முடி தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது, குழந்தை காரணம் புரியாமல் அழும். பிரசவத்துக்குப் பிறகு நமக்குக் கொட்டும் முடியால்தான் இது அதிகம் வருகிறதாம், ஆனாலும் வெட்டின நீள முடியும் முடிதான். அதனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தரையில் செய்தித்தாள் விரித்து வெட்டி, அப்படியே சுருட்டி வெளியே போட்டுவிடுங்கள். கூட்டின பிறகு ஈரத்துணியால் ஒருதரம் துடையுங்கள். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். விரல் வீங்கி, எடுக்க வராவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மிஷின் பற்றி. சலூனில் ‘நாலாம் நம்பர் போடுங்க’ என்கிறோமே, அது மேலே மாட்டும் பிளாஸ்டிக் சீப்பின் எண். பெரும்பாலான மிஷின்களில் 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், 2 என்றால் 6, 4 என்றால் 12, 13. முதல் தடவை பெரிய எண்ணில் ஆரம்பியுங்கள், நீளம் போதாது என்றால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. சீப்பு மாட்டாமல் வெறும் பல்லைக் குழந்தையின் தோலில் வைக்கவே வேண்டாம், காதின் மடிப்பில் சிக்கினால் கத்தரியைவிட மோசம். சில நிமிடம் ஓடினதும் இரும்பு சூடாகும், அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். அப்பாவின் தாடி மிஷினைக் குழந்தைக்குப் போடாதீர்கள், படையும் தோல் தொற்றும் அப்படித்தான் ஒட்டும்.

உங்கள் மகன் பயப்படுவது வலிக்காக இல்லாமல் அந்தச் சத்தத்துக்காகவும் இருக்கலாம். என் மகனுக்கு அப்படித்தான். ஒரு வாரம் முடியே வெட்டவில்லை. முதல் நாள் அணைத்து வைத்த மிஷினை விளையாடக் கொடுத்தேன், சீப்பை மாட்டியபடியே. இரண்டாம் நாள் பக்கத்து அறையில் ஓடவிட்டேன். அடுத்த நாள் எங்கள் பக்கத்தில் ஓடியது, அவர் தன் கையில் வைத்துக் காட்டினார். நான்காம் நாள் மிஷின் ஓட ஓட, அதன் அடிப்பக்கத்தை அவன் உள்ளங்கையில் வைத்தேன். குறுகுறுவென்று இருந்திருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டு, பிறகு அவனே நீட்டினான். ஆறாம் நாள் தன் கரடி பொம்மையை முக்காலியில் உட்கார வைத்து, அதன் காதைக் கட்டைவிரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு, "அசையாத, அசையாத" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.