எடுத்து வச்சேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் சட்டப் படிப்பை முடிக்கப் போகிறாள். பெரிய நிறுவனத்தில் சேருவாள் என்று நாங்கள் காத்திருக்க, கிரிமினல் வழக்குகள்தான் எடுப்பேன், அதுவும் காசில்லாதவர்களுக்கு என்கிறாள். சம்பளமும் குறைவாமே? இரண்டு மாதமாக வீட்டில் சரியான பேச்சுவார்த்தை இல்லை. தப்பு செய்தவனுக்காக வாதாடுவது பாவம் இல்லையா? ஒரு தப்பும் செய்யாதவனை சிங்கப்பூரில் பிடித்து உள்ளே போட மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். அவளோ கண்ணகியை இழுத்து என்னை மடக்குகிறாள். உங்களை விடாமல் வாசிக்கிறவள். நீங்கள் சொன்னால் கேட்பாள். என்ன சொல்வது?

ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள சகோதரி,

நான் சொன்னால் கேட்பாள் என்கிறீர்கள். என் மகனே இதுவரை கேட்டதில்லை. சம்பளம் குறைவுதான். பாவ புண்ணியத்தைக் கோயிலில் கேளுங்கள்.

கண்ணகியை அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து விட்டுவிடுங்கள். அவள் வழக்காட வந்தபோது கோவலன் வெட்டுப்பட்டுக் கிடந்தான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்பதுதான் பாண்டியன் சொன்னது. கையில் இருந்தது, முடிந்தது விசாரணை. ஆளைப் பார்த்தால் கள்வன்போல் இல்லையே என்று தயங்கிய காவலரும் அங்கே இருந்தார்கள். பொற்கொல்லன் விடாமல் பேசினான். கோவலன் பக்கம் பேச ஒருவரும் இல்லை, அவனும் வாய் திறக்கவில்லை. உங்கள் மகள் போய் நிற்க நினைப்பது அந்த இடத்தில்.

ஆனால் "சிங்கப்பூரில் அப்படி நடக்காது" என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. செய்தித்தாள் வாசிப்பீர்கள்தானே? பார்த்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணை அதற்குள் மறந்துவிட்டீர்களா? சாங்கி விமான நிலையக் குழுமத்தின் தலைவராக இருந்தவர் வீட்டில் திருடியதாக 2019-இல் அந்தப் பெண்ணுக்கு 26 மாதச் சிறை விதித்தார்கள். 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. திருட்டுப் பொருள்களில் ஒன்று டிவிடி கருவி. கெட்டுப்போனதால் தூக்கிப்போடச் சொன்னது என்றார் அந்தப் பெண். விசாரணையில் அதை ஓடவிட்டுக் காட்டினார்கள். ஓடியது கருவிக்குள்ளேயே ஏற்கெனவே பதிவாகியிருந்தது. டிவிடி வட்டைப் போட்டால் ஓடாது. அது மேல்முறையீட்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அனில் பால்சந்தானி என்ற வழக்கறிஞர் ஒரு காசு வாங்காமல் கூடவே நின்றார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பெண் 26 மாதத்தைக் கழித்துவிட்டு ஊர் போயிருப்பார். நீங்களும் நானும் "திருட்டுக் கழுதை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

இஸ்மில் காதர் மீதான கொலை வழக்கு. அண்ணன் தம்பி இருவருக்கும் மரண தண்டனை. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இஸ்மிலை விடுவித்தது. அவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோனவை அவரே கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்கள்.

வாக்குமூலம். இந்தச் சொல்லிடம் வரத்தான் இவ்வளவு சுற்றினேன்.

லியானியிடம் எடுத்த வாக்குமூலங்களில் சில, இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எடுக்கப்பட்டவை. தீர்ப்பில் அந்த இடத்தைப் படித்ததும் பக்கத்தை மூடிவிட்டு பால்கனியில் போய் நின்றேன். காரணம் சொல்கிறேன்.

1997. செங்காங்கில் புளோக்குகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு கட்டுமான நிறுவனத்தில் நான் ஸ்டோர் கிளார்க். செம்புக் கேபிள் சுருள் ஒன்று காணாமல்போய், ஒரு பையனின் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். வந்து ஐந்து மாதம், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கிறது. மேலாளருக்குத் தமிழ் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, இவன் சொல்வதை ஆங்கிலத்தில் எழுது என்றார்.

"மழையில கெடந்துச்சு சார். எடுத்து வச்சேன்."

நான் எழுதியது: "டுக் அண்ட் கெப்ட்."

எடுத்தேன், வைத்துக்கொண்டேன். மழையை விட்டுவிட்டேன். தேவையில்லை என்று நினைத்தேனோ, சாப்பாட்டு நேரமோ, நினைவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன். வரிக்கு வரி "ஆமா சார், ஆமா சார்" என்றான். கையெழுத்தைத் தமிழில், எழுத்து எழுத்தாகப் போட்டான்.

ஆமா என்றால் என்ன, சகோதரி? நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் நம் ஆள் ஆமா என்பான். பெரிய மனிதர் முன் கை கட்டி நிற்கும்போதும் ஆமாதான். காகிதத்தில் ஏறிவிட்டால் எல்லாம் ஒரே ஆமா.

புகாரோடு அந்தத் தாளும் போலீசுக்குப் போனது. ஒத்துக்கொண்டால் சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாம் என்று கூட இருந்தவர்கள் சொல்ல, பையன் ஒத்துக்கொண்டான். வழக்கறிஞர் இல்லை. நான்கு வாரம் உள்ளே, பிறகு விமானம்.

அவன் திருடினானா? எனக்குத் தெரியாது. திருடியும் இருக்கலாம். அன்று மழை பெய்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெய்தது. நனைந்துகொண்டுதான் நான் வேலைக்கு வந்தேன். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

கைதானவர் வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கைதான உடனே அல்ல, நியாயமான காலத்துக்குள் என்று நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் சொல்லியிருக்கின்றன. அந்த நியாயமான காலத்துக்குள் எத்தனை ஆமா எழுதிவிடலாம்! நேர்காணலைக் காணொளியில் பதிவு செய்ய 2018-இல் சட்டம் வந்தது, எல்லா வழக்குக்கும் இல்லை. காசில்லாதவர்களுக்கு அரசே வழக்கறிஞர் தரும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் 2022 டிசம்பரில் வந்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். புதுக்கோட்டைப் பையனுக்கு இன்றைக்கும் அந்தக் கதவு திறக்காது. அவனுக்கு இலவசமாக வந்து நிற்கிற யாராவதுதான் கதி. அந்த யாராவது உங்கள் வீட்டிலிருந்து கிளம்பப் பார்க்கிறாள், நீங்கள் இரண்டு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பயம் உங்களுக்கு, அது புரிகிறது. இன்று இரவு அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. மகள் வீட்டில் தமிழ் பேசுவாளா, இல்லை ஆங்கிலம்தானா? சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பாருங்கள்: ஒருவன் "எடுத்து வச்சேன்" என்று சொன்னால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாய் என்று. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.